தெத்துப்பல்

வரிசையான பல் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. பத்ரிநாராயணன் மாமாவுக்குப் பல்செட் கட்டியபோது அது தலைக்கேறிவிட்டது. மந்தைவெளியில் நான் கிளினிக் திறந்ததும் முதலில் வந்து உட்கார்ந்தவர் அவர். ஆடிக்கொண்டிருந்த பற்களை எடுத்து, ஈறு ஆறியதும் முத்து கோத்த மாதிரி ஒரு செட் கட்டி அனுப்பினேன். முடிப்பதற்கு முன் பற்களை மெழுகில் நிறுத்தி வீட்டு மனிதர்களுக்குக் காட்டுவது வழக்கம். மாமா தனியாக வந்ததால் நானே பார்த்து, நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாளே டப்பாவோடு வந்து நின்றார்.

"குத்துதா மாமா?"

"இல்லைம்மா தாரணி. பொருத்தமாத்தான் இருக்கு. ஜானுதான்..."

ஜானு மாமிக்கு மறதி நோய். யாரை மறந்தாலும் மாமாவை மறக்காமல் இருந்தார். பல் எடுத்ததிலிருந்து அதுவும் போயிற்றாம். "யாரோ ஆத்துல உக்காந்துண்டிருக்கார், அவர் வர நேரமாச்சு, போகச் சொல்லுங்கறா. பல் கட்டிண்டா சரியாயிடும்னு நெனச்சேன். இதைப் போட்டுண்டு போய் நின்னா, கதவைச் சாத்திண்டுட்டா."

பழைய போட்டோ கேட்டேன். கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி இருவரும் வாயை இறுக மூடிக்கொண்டு கேமராவை முறைக்கிறார்கள்.

"எல்லாப் படத்துலயும் இப்படித்தான். தெத்துப்பல்லோன்னோ, கூச்சம்."

தெத்துப்பல். அதைப் பிடுங்கியதே நான்தான். ஆடுகிற பல்லாக மட்டும் பார்த்திருக்கிறேன், மட்டி.

சின்ன வயதில், அப்பாவும் அம்மாவும் தி.நகர் ஜவுளிக்கடையை மூடிவிட்டு வர இரவாகிவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பக்கத்தில் மாமி வீட்டில்தான். தட்டில் தயிர் சாதம் இருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் நிற்கும். மாமா சிரித்துக்கொண்டே வருவார். இடப்பக்கத்துக் கோரைப்பல் உதட்டின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். மாமி தினமும் அதையே சொல்வார்: "இவருக்கு முன்னாடி இவர் பல்லு ஆத்துக்குள்ள வந்துடறது, பாரேன்." எனக்குச் சிரித்துப் புரையேறும். அந்தச் சாயங்காலங்கள் இப்போதும் எனக்கு வேண்டும்.

மெழுகில் புதிதாகப் பல் நிறுத்தச் சொன்னேன். கிண்டியில் எனக்குப் பல் செய்துதரும் உபைத் பாய்க்கு மனசே வரவில்லை. "கோணலா வெக்கணுமா? இன்னா டாக்டர், பேரு கெட்டுப்பூடும்."

"கெடட்டும் பாய்."

அந்த மெழுகுப் பல்லோடு சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போனேன்.

"பேசினா கழண்டுடும் மாமா. சும்மா சிரிச்சுக்கிட்டே வாங்க, போதும்."

வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மாமி ஏறிட்டுப் பார்த்தார். "யார் வேணும்?"

மாமாவின் முகம் செத்துவிட்டது. நான் சமையலறையில் கத்தியைச் சுடவைத்து, மெழுகை இளக்கி, கோரைப்பல்லை இன்னும் வெளியே தள்ளினேன். படித்தவள் செய்கிற வேலையா என்று யாரும் கேட்கும்படி தள்ளினேன். மறுபடி வாசலுக்கு அனுப்பினேன்.

இந்தத் தடவை மாமி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பல்லு முன்னாடி வந்துடுத்து, பாரேன்." மாமாவிடம், "ஏன்னா, இன்னிக்கு இவ்வளவு நாழி?"

மாமா பேசவில்லை. நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே நின்றார்.

"கழண்டா நான் திரும்ப வெச்சுத் தரேன்," என்றேன். "பேசுங்க மாமா."