கோபிநாத் ஓடவிட்ட ஸ்கிரிப்ட்

சந்திரமோகனின் பட்டுக் கடையில் டிசைன் ரூம் முழுக்க சிவசங்கரி பொறுப்பு. எம்.சி.ஏ. படித்தவள். சேலையின் பார்டரையும் முந்தானையையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்கான ஃபைலாக மாற்றிக் கொடுப்பாள். முதலாளியின் மச்சினன் கோபிநாத் அந்த ரூமுக்குள் காலடி வைத்ததிலிருந்து அவளுக்குத் தலைவலி. சென்னையில் எந்தக் கம்பெனியிலும் நிலைக்காமல் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவனை, ஐ.டி. மேனேஜர் என்று உட்கார வைத்திருந்தார்கள்.

"மாசா மாசம் கையால காப்பி பண்ணிகினு இருக்கியே, படிச்ச பொண்ணுதானே நீ?" என்று ஒருநாள் ஒரு ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தான். நெட்டில் எங்கேயோ சுட்டது. மூன்றே கமாண்டு. வெளி டிஸ்க்கில் புது ஃபோல்டர் போடு. இந்த மாத டிசைன்களை அதில் காப்பி செய். பிறகு கம்ப்யூட்டரில் இருப்பதை அழி. அழித்தால் மெஷின் வேகமாக ஓடுமாம்.

சிவசங்கரிக்கு ஒரு பார்வை போதும். "காப்பி ஆவலன்னா அழிக்கறது நிக்குமா, சார்?"

"ஏன் ஆவாது?"

"ஆவலன்னா?"

"நீ ஏன் பேஜார் ஆவற? அது பாட்டுக்கு ஒண்ணு பின்னால ஒண்ணு ஓடும்."

அதுதாண்டா கோளாறே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த ஆளுக்குப் பாடம் நடத்துவதா! திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மாதக் கடைசியில் முதலாளியைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துத்தான் ஓடவிட்டான். சினிமா காட்டுகிறவன்போல ஒரு சிரிப்பு வேறு. கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடின. முதல் கமாண்டு டிஸ்க்கைக் காணோம் என்றது. இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவதுக்கு டிஸ்க்கே தேவையில்லை. சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்கென்று அவள் வரைந்து வைத்திருந்த அத்தனையும் போயிற்று.

"கரண்ட்டு ஏறி எறங்கிச்சு மாமா," என்றான் கோபிநாத். கூசாமல் சொன்னான்.

சிவசங்கரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைத் தாண்டி வந்து ஸ்கிரிப்ட்டைத் திறந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். சந்திரமோகன் குனிந்து கேட்டார்.

"அப்ப மொதல் வேல நடக்கலன்னாலும் அது பாட்டுக்கு அடுத்த வேலய பாக்குமா?"

"நிக்கச் சொன்னாதான் நிக்கும்ணா. இவர் சொல்லல."

"டிஸ்க் இன்னா ஆச்சு?"

அவள் மேசையைக் காட்டினாள். டிஸ்க்கின் கேபிளை உருவி, அதில் தன் போனுக்குச் சார்ஜ் போட்டிருந்தான் கோபிநாத்.

முதலாளி கத்தவில்லை. மனைவி பரிமளாவின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "நீ கீழ போய் சேலய மடி," என்று மட்டும் சொன்னார். மேனேஜர் பட்டம் அப்படியே இருந்தது. அதைத்தான் சிவசங்கரியால் தாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப வரைந்தாள். அன்றைக்கே இன்னொரு தடவை வாயைத் திறந்திருக்கலாம் என்று நினைப்பு வரும்போதெல்லாம், திறந்தாலும் அந்த மண்டையில் ஏறியிருக்காது என்று தள்ளிவிடுவாள். மயில் பார்டர் மட்டும் பழைய மாதிரி வரவேயில்லை. கழுத்து வளைவு எங்கேயோ பிசகியது.

நெய்து வந்த அந்தச் சேலையைக் கீழே கோபிநாத்தான் வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டினான். "நம்ம டிசைன்தாங்க," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது மாடிவரை கேட்டது.