மக்ரமே ஊஞ்சல்

ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்தை ஒட்டிய புது விடுதியின் திறப்பு விழாவுக்குப் போன கெர்ரின், உள்ளே நுழைந்ததுமே நின்றுவிட்டாள். சுவரில் மாட்டுவதற்கென்று அவள் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் பின்னிக் கொடுத்த மக்ரமே திரை கூரையிலிருந்து தொங்கியது. அதன் அடியில் பிரம்பு இருக்கை ஒன்றைக் கட்டி ஊஞ்சலாக்கியிருந்தார்கள். எழுபதுகளில் வீட்டுக்கு வீடு தொங்கிய இந்த முடிச்சு வேலைக்கு இப்போது மறுபடி ஏக மவுசு. ஊஞ்சலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசையே நின்றது.

அது மெல்லிய பருத்திக் கயிறு. அழகுக்குத்தான் ஆகும், ஆள் பாரம் தாங்காது.

ஒரு பெண் கைக்குழந்தையோடு அதில் ஆடிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மேலே கொக்கியருகே கயிறு இழை இழையாகப் பிரிவதைக் கெர்ரின் பார்த்தாள். விடுதி முதலாளி டாரிலைத் தேடிப் பிடித்து, அந்தப் பெண்ணை உடனே இறக்கச் சொன்னாள்.

"காலையிலேர்ந்து எத்தனையோ பேர் உக்காந்தாச்சு, ஒண்ணும் ஆகல," என்றான் டாரில், சிரித்த முகம் மாறாமல். "பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. என் மானத்த வாங்காத, கெர்ரின்."

கத்தினால் அந்தப் பெண் பதறித் துள்ளுவாள். கெர்ரின் மெல்ல நடந்துபோய் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினாள்.

"குழந்தைய என்கிட்ட குடுங்க. மெதுவா எந்திரிங்க."

அவள் முகத்தைப் பார்த்த அந்தப் பெண் குழந்தையை நீட்டிவிட்டு எழுந்தாள்.

வரிசையில் அடுத்து நின்றவர் வாட்டசாட்டமான மனிதர். கயிறு தாங்காது என்று கெர்ரின் எடுத்துச் சொன்னாள். டாரில் அவர் தோளைத் தட்டி, அவள் எப்போதும் இப்படித்தான், தாராளமாக உட்காருங்கள் என்றான். அவரும் நகர்ந்து வந்தார்.

இனிப் பேசிப் பயனில்லை. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அவரை முந்திக்கொண்டு கெர்ரினே ஊஞ்சலில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி உந்தினாள். மேலே சடக்கென்று ஒரு சத்தம். இருக்கையோடு கல்தரையில் வந்து விழுந்தாள். இடது மணிக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது.

டாரில் அவள் பக்கம் குனிந்து, "வேணும்னே அறுத்துட்டல்ல," என்று பல்லைக் கடித்தான்.

"அவங்க அறுக்கல," என்றாள் அந்தப் பெண். "இப்பத்தான் என் புள்ளையோட நான் அதுல உக்காந்திருந்தேன். தாங்காதுன்னு அவங்க சொன்னது எல்லார் காதுலயும் விழுந்துச்சு. உங்களுக்கு விழலையா?"

டாரில் நிமிர்ந்தான். கேமராக்கள் அறுந்த கயிற்றின் பக்கம் திரும்பியிருந்தன.

மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு கூடும்வரை கெர்ரினால் ஒரு முடிச்சுகூடப் போட முடியவில்லை. மறுபடி வேலைக்கு உட்கார்ந்த பிறகு, யார் வந்து கேட்டாலும், எங்கே மாட்டப்போகிறார்கள் என்று போய்ப் பார்க்காமல் அவள் கயிற்றைத் தொட்டதில்லை.