நாற்பத்தேழாம் படம்

இடது காலில் ஷூவை மாட்டி முடித்து வலது காலுக்குக் குனிந்தபோதுதான் மனைவியின் அக்கா அவரைப் பிடித்துவிட்டாள்.

"எங்க தம்பி கிளம்பிட்டீங்க?"

"ஒரு வேலை இருக்குங்க. ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

"வேலையா? அவ அங்க படுத்திருக்கா, ரெண்டரைக்கு எடுத்துட்டுப் போக வண்டி வருது. இன்னைக்குமா ஒரு லிஃப்ட் நின்னுபோச்சு?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அவர் முப்பத்திரண்டு வருட லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை, கல்யாண நாள், மகள் பிறந்த நாள் என்று பார்க்காமல் எவன் எந்த மாடியில் மாட்டிக்கொண்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்தான். இன்று லிஃப்ட் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால், பின்னே எங்கே என்பாள். பறவைப் படம் பார்க்க என்று சொன்னால் துக்கத்தில் மூளை குழம்பிவிட்டதென்று நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவாள். ஷூ கயிற்றை முடிச்சுப் போட்டார்.

மகள் முன்னறையிலிருந்து வந்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவின் சட்டைப்பையில் அம்மாவின் கண்ணாடிக்கூடு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாளாப்பா?"

"ஒரு மணிக்கு மூடிடுவாங்க."

"போயிட்டு வாங்க." பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "நீங்க வந்து உக்காருங்க பெரியம்மா, நான் சொல்றேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எப்போதும் அவள் உட்காரும் பக்கம். அதைக் காலியாக விட்டு அவர் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தார்.

எல்லாம் ஒரு லிஃப்ட்டில்தான் ஆரம்பித்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன், விலங்கு பறவை ஓவியங்களின் வருடாந்தரக் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள், ஆளுயரக் காண்டாமிருகப் படம் ஒன்று சட்டத்தோடு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கீறல் படாமல் இறக்கிக் கொடுத்தார். நன்றிக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள். இதெல்லாம் நமக்கெதுக்கு என்று அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். கல்யாணமாகி ஐந்து மாதம். "காண்டாமிருகத்தைக் காப்பாத்தினவர் அதப் போய் நலம் விசாரிக்க வேண்டாமா?" என்று அவள் இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறியதில்லை.

விளையாட்டும் அவள் போட்டதுதான். உள்ளே போனதும் பிரிந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் பேசக்கூடாது, கை காட்டக்கூடாது. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதென்றால் எந்தப் படம் என்று யோசித்து, அதன் எண்ணை டிக்கெட்டின் பின்னால் எழுத வேண்டும். கீழே கேன்டீனில் உட்கார்ந்து இருவரும் ஒன்றாகத் திறக்க வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட ஒரே எண் வந்ததில்லை. அவர் யானை எழுதுவார், புலி எழுதுவார். அவள் உதிர்ந்த இறகு, கூட்டில் இரண்டு முட்டை, பின்பக்கம் காட்டி உட்கார்ந்த குருவி என்று எழுதுவாள். "யானைய எங்கங்க மாட்டுவீங்க? நம்ம படுக்கையறையில யானை நுழைஞ்சா நாம வெளிய படுக்கணும்" என்று ஆரம்பித்தால் சண்டை பஸ்ஸில் தொடர்ந்து, சாப்பாட்டில் தொடர்ந்து, சில வருடம் அடுத்த வாரம் வரை போகும். அவருக்குப் படங்களைவிட அந்தச் சண்டைதான் பிடித்திருந்தது. அதை அவளிடம் சொன்னதில்லை.

ஒரு வருடம் ஏமாற்றிப் பார்த்தார். தூண் மறைவில் நின்று அவள் எந்தப் படத்தின் முன் அதிக நேரம் நிற்கிறாள் என்று கவனித்து, அதே எண்ணை எழுதினார். அப்போதும் பொருந்தவில்லை. "அங்கயா? அங்க என் செருப்பு வார் அறுந்துபோச்சு, ஊக்கு குத்திட்டு நின்னேன்" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் வேலை பார்த்தது கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் காதில் ஃப்ரேமை மாட்டி, வளைத்து, கண்ணுக்கு நேரே நிறுத்துகிற வேலை. அதனால் கண்காட்சியில் அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. "எல்லாத்தையும் உங்கள மாதிரி ஆம்பளைங்க உயரத்துக்கு மாட்டியிருக்காங்க. என் கண்ணு உங்க சட்டையோட ரெண்டாவது பொத்தான் உயரத்துல இருக்கு. இத எவன் யோசிச்சான்?" வருடாவருடம் கருத்துப் புத்தகத்தில் எழுதியும் வைப்பாள். வருடாவருடம் ஆணி அங்கேயேதான் இருந்தது.

இந்த வருடம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு டிக்கெட்டும் ஒரு கேட்லாக்கும் தபாலில் வந்தன. படம் எதுவும் இல்லாத, வெறும் எண்ணும் பெயரும் போட்ட நாலு பக்கம். படுத்தபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தாள். தன் டிக்கெட்டில் எழுதி, மடித்து, கண்ணாடிக்கூட்டில் வைத்து மூடினாள்.

"நான் எழுதிட்டேன். நீங்க போய்ப் பாத்து எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் திறக்கக்கூடாது."

"படத்தப் பாக்காமலேயா?"

"பேரப் பாத்தாலே எனக்குத் தெரியும்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமே போலாம்," என்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதையே சொன்னார். அவள் வற்புறுத்தவில்லை. கூட்டை மட்டும் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

கண்காட்சியில் கடைசி நாள் என்றாலும் கூட்டமில்லை. நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க ஒரு திமிங்கலம், பன்னிரண்டாம் எண். நீலத்தைப் பார்த்ததும் மனது போய்விட்டது. ஆனாலும் எழுதாமல் சின்னப் படங்கள் இருக்கும் பக்கம் நடந்தார். இதில் எதை எழுதியிருப்பாள்? ஒருமுறை, ஒரே ஒருமுறை, இரண்டு டிக்கெட்டிலும் ஒரே எண் இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

ஒரு மீன்கொத்தியின் முன் நின்றார். முழங்காலை மடக்கி அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். மீன்கொத்தி காணாமல் போய்விட்டது. மேலே எரிந்த டியூப் லைட் கண்ணாடியில் பட்டு, சட்டத்துக்குள் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. நிமிர்ந்தார், பறவை வந்தது. குனிந்தார், போனது. அடுத்த படத்திலும் அப்படியே. அவள் ஏன் ஒவ்வொரு படத்தின் முன்னும் எக்கி எக்கி நின்றாள் என்று இப்போதுதான் விளங்கியது. இருபத்தாறு வருடம் கூட வந்திருக்கிறார், ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திமிங்கலத்திடம் திரும்பி வந்தார். தனக்குப் பிடித்ததைத்தான் எழுத வேண்டும், அதுதான் விதி. இப்போது ஏமாற்றினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். பன்னிரண்டு என்று எழுதினார்.

கேன்டீனில் உட்கார்ந்து கண்ணாடிக்கூட்டைத் திறந்தார். கண்ணாடிக்கு அடியில் டிக்கெட் இருந்தது. நடுங்கிய கையெழுத்தில் நாற்பத்தேழு.

கேட்லாக்கைப் பிரித்துப் பார்த்தார். 'மழை விடக் காத்திருக்கும் சிட்டு.' அது எந்தப் படம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், வாழ்க்கையில் அபூர்வமாக, படியேறி ஓடினார்.

நாற்பத்தாறு இருந்தது. நாற்பத்தெட்டு இருந்தது. நடுவில் வெறும் சுவர், ஒரு கொக்கி, கீழே எண் அட்டை.

மூடுவதற்காக விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்த பெண்ணிடம் கேட்டார். "இந்தப் படம் எங்கம்மா?"

"அது வரவே இல்ல சார். கேட்லாக் முன்னாடியே அச்சடிச்சிட்டோம். வரையறவங்க இன்னும் முடிக்கலையாம், அடுத்த வருஷம் அனுப்பறேன்னாங்க." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் வாங்க சார், கண்டிப்பா இருக்கும்," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொக்கியைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸில் ஏறியும் அடங்கவில்லை. பேரைப் பார்த்தாலே தெரியுமாம்! இல்லாத படத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறாள். இதைச் சொல்லி ஒரு வாரமாவது அவளை ஓட்டலாம். வாசலிலேயே எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியது. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பெண்மணி ஏறி, "இங்க யாராவது வர்றாங்களா?" என்று அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஜன்னலோர இடத்தைக் காட்டினாள். அவர் எழுந்து வழி விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கருவிப் பையிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். அடிக்கிற சத்தம் கேட்டு மனைவியின் அக்கா ஓடி வந்தாள்.

"என்ன தம்பி இது, சாவு வீட்ல! எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

அவர் நிறுத்தவில்லை. மகள் வந்து கதவோரம் நின்றாள்.

"எந்தப் படம்ப்பா?"

"நாப்பத்தேழு."

"எங்க இருக்கு?"

"இன்னும் வரைஞ்சு முடிக்கல."

அவள் ஆணியைப் பார்த்தாள். "இவ்ளோ கீழயா?"

வெளியே வண்டி ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டது. அக்கா முன்னறைக்குப் போனாள். அவர் சுத்தியலைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவரை ஒட்டி நின்று அளவு பார்த்தார். ஆணி சட்டையின் இரண்டாவது பொத்தானில் வந்து தட்டியது.