சேத்தாண்டிக்கு ஏழாவது பிடி

சென்னைப் பட்டணத்தில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தார் சுயம்புலிங்கம். ஊர்ப்பக்கத்துப் பேய் பிசாசெல்லாம் பஞ்சம் பிழைக்கப் பட்டணம் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய படக்கதை. முனி டிராம் வண்டியில் டிக்கெட் கிழிக்கும். கொள்ளிவாய்ப் பிசாசு தெருவிளக்கு ஏற்றும். வாசகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். எல்லாமே சிரிப்பு மூட்டினால் எப்படி, ஒன்றாவது பயமுறுத்த வேண்டாமா என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். சுயம்புலிங்கம் அதிகம் யோசிக்கவில்லை. உடம்பெல்லாம் சேறு வழிகிற சேத்தாண்டியை வரைந்து, வாய் நிறையக் கோரைப்பல் வைத்து, சாக்கடைக்குள்ளிருந்து ஏறிவந்து பிள்ளைகளைப் பிடிக்கும்படி விட்டுவிட்டார்.

தேனிப் பக்கத்தில் பிறந்த மனுசன் செய்கிற காரியமா இது? வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் சித்திரைத் திருவிழாவில் சேறு பூசி, வேப்பிலை கட்டி, வீடு வீடாகப் பிச்சை வாங்குவார்கள். அந்த வேசத்துக்குப் பேர்தான் சேத்தாண்டி. அவருக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் சோறு தின்ன அடம்பிடித்தபோதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவரை மிரட்டினார்கள். மிரண்டது நினைவில் நின்றது, மற்றதெல்லாம் பட்டணத்தில் மறந்துபோயிற்று.

மாசி மாதம் அவர் மகள் பஞ்சம்மாளுக்கு அம்மை போட்டது. ஐந்து வயதுப் பிள்ளை. முத்து கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டது. மனைவி சந்தனம்மாள் மஞ்சள் துணியில் காசு முடிந்து நேர்ந்துகொண்டாள்.

"தாயே, கண்ணு ரெண்டும் தப்பிச்சாப் போதும். இவ அப்பா சேத்தாண்டி கட்டி, வாய் பேசாம ஏழு வீடு பிச்சை எடுப்பாக. ஏழாவது பிடி இவ கையால போடுவா."

கண் தப்பியது. கன்னத்தில் மட்டும் தழும்பு நின்றது. சாமியாவது பூதமாவது என்று பேசித் திரிந்த சுயம்புலிங்கம், அன்றைக்குச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

சித்திரையில் மூவரும் ரயிலேறி, சந்தனம்மாள் பிறந்த பழனிசெட்டிபட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். திருவிழா அன்று காலையில் அவளுடைய அண்ணன் அழகர், முல்லையாற்றங்கரையில் வைத்துச் சுயம்புலிங்கத்துக்குத் தலையிலிருந்து கால்வரை சேறு அப்பினார்.

"இனி ஆத்துல முழுகுற வரைக்கும் நீங்க எனக்கு மாப்ள இல்ல, அம்மன் ஆளு. யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாக, ஒறவு சொல்லியும் கூப்பிட மாட்டாக. உச்சிப்பொழுதுக்குள்ள ஏழு வீட்டையும் முடிச்சிரணும்" என்றார்.

ஆறு வீடு தடங்கலில்லாமல் முடிந்தது. ஏழாவது, மச்சான் வீடு. கையில் ஒரு பிடி அரிசியோடு பஞ்சம்மாள் வாசலில் நின்றாள். தெருத் திரும்பி வந்த உருவத்தைப் பார்த்தாள். போட்டாளே ஒரு கூச்சல்! வாராவாரம் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று, காகிதத்தில் பார்த்த அதே உருவம். அரிசியைக் கீழே சிந்திவிட்டு ஓடிப்போய் நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வா ஆத்தா, ஒரு பிடி போட்டுரு. அது ஒண்ணும் செய்யாது" என்று கெஞ்சினாள் சந்தனம்மாள்.

"அதுக்குப் பல்லு இருக்கும்."

"இல்லத்தா, நல்லாப் பாரு."

"வாய மூடியிருக்கு. உள்ள இருக்கும்."

அப்பாதான் என்று சொல்லச் சந்தனம்மாளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. உறவு சொன்னால் நேர்த்தி கெட்டுப்போகும். அழகர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். சுயம்புலிங்கம் வாசலையே பார்த்தார். இந்தப் பிடி விழாவிட்டால் தப்பிய கண்ணுக்கு ஏதாவது வந்துவிடுமோ? பிள்ளை பயப்படுவது தான் வைத்த பல்லுக்கு என்பதும் அவருக்கு உறைத்தது. தன் கையையே வெட்டிப் போடலாம்போல இருந்தது.

தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். காய்ந்த சேறு தோலைப் பிடித்து இழுத்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. மடியிலிருந்த ஓலைப்பெட்டியில் பிச்சை வாங்கிய ஆறு வீட்டு அரிசி. எங்கிருந்தோ ஒரு கோழி வந்து, அவர் தொடையில் ஏறி நின்றுகொண்டு அந்த அரிசியைக் கொத்தியது. விரட்ட அவருக்குத் தெம்பில்லை. கோழி ஆற அமரத் தின்றது.

குதிருக்குப் பின்னாலிருந்து ஒரு கண் தெரிந்தது. அப்புறம் முகம் தெரிந்தது. கோழியையும் அதையும் பஞ்சம்மாள் மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, சிந்திக் கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டு, ஓர் அடி வைத்து நின்று, இன்னோர் அடி வைத்து நின்று, வெளியே வந்தாள். எட்ட நின்றபடியே கையை நீட்டிப் பெட்டியில் போட்டாள்.

சந்தனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழகர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிள்ளை திரும்பிப் போகவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்து மெல்லச் சொன்னாள்.

"இங்கன உக்காராத, ஓடிப் போயிரு. எங்கப்பா வந்துருவாக. உன்னயக் கண்டா மறுபடியும் படம் எழுதிருவாக. அப்பறம் யாரும் உனக்குச் சோறு போட மாட்டாக."

சேத்தாண்டி தலையை ஆட்டிவிட்டு எழுந்து, ஆற்றைப் பார்த்து நடந்தது.