அஞ்சு நிமிஷத்துல நிறுத்தப்போறேன்

போன் அடிக்காத சர்வர் அறைதான் மனித நாகரிகம் இதுவரை எட்டிய உச்சம். இதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. நெருப்பு, சக்கரம், எழுத்து எல்லாம் இந்த அறைக்கு வந்துசேரும் வழியில் நடந்த சில்லறை ஏற்பாடுகள்.

ஒரு வரைபட அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அடித்தளத்தில் ஜன்னலில்லாத அறை. இரண்டு நாற்காலிகள், ஒன்றில் அவன், மற்றதில் அவன் ஸ்வெட்டர். சேர்ந்து ஏழு மாதமாகிறது. எல்லாவற்றையும் தானாக நடக்கும்படி எழுதிவைத்துவிட்டதால் மேசைப் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவனுடைய கைப்பேசிக்குத் தினம் நாற்பத்திரண்டு செய்திகள் வரும். நாற்பது, எல்லாம் நலம் என்று சர்வர் சொல்பவை. மீதி இரண்டு, அந்த நாற்பதும் கிடைத்தனவா என்று சர்வரே கேட்பவை.

அவனுக்கு முன்னால் இருந்தவருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'ஹலோ'. எதை நிறுத்தி ஓடவிடுவதானாலும் பதினோரு பிரிவுகளுக்கும் போன் போட்டு, "அஞ்சு நிமிஷத்துல நிறுத்தப்போறேன், சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கைவைப்பாராம். அவர் ஒட்டிய எண் பட்டியல் இன்னும் சுவரில் இருந்தது, பக்கத்தில் குறிப்புகளோடு. 'ரெண்டு தடவை அடிச்சாத்தான் எடுப்பார்.' 'மூணாவது மாடி: மெதுவா டைப் பண்ணுவாங்க, பத்து நிமிஷம் குடு. முழங்கால் எப்படின்னு கேளு.'

"இது சர்வர் ரூமா, நலம் விசாரிக்கிற சங்கமா?" என்று அவன் அறையைக் கேட்டான். ஏ.சி. இரைந்தது.

அன்று பதினொரு மணிக்கு சர்வரின் வட்டு தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பியது. தேடினான். வரைபடத்தில் சேர வேண்டிய இடங்களின் குறிப்பு அட்டைகளைப் பதிவு செய்யும் புரோகிராம், தான் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் லாக் கோப்பு பூதமாய் வீங்கிக் கிடந்தது. ஒரே வரியில் அழித்தான். அப்போதும் தொண்ணூற்றெட்டு. கோப்பின் பெயர்தான் போயிருந்தது. புரோகிராம் அதை இன்னும் திறந்துவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அது விடும்வரை இடம் திரும்பாது. அழிக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலிசெய்திருக்கலாம். அவசரக் குடுக்கை. இனி புரோகிராமை நிறுத்தி ஓடவிட வேண்டும். அதில் யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதை அவன் போடவில்லை. நேரே நிறுத்தி ஓடவிடும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினான். அறுபத்தொரு சதவீதம். தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான். தட்ட வேறு கை அங்கே இல்லை.

பத்து நிமிஷத்தில் கதவு தட்டப்பட்டது. ஏழு மாதத்தில் முதல்முறை. "உள்ள வாங்க" என்பது தொண்டையில் சிக்கி, இரண்டாம் தடவைதான் வெளியே வந்தது.

நரைத்த தலையோடு ஒரு அம்மாள், முழங்காலைப் பிடித்தபடி.

"தம்பி, காலைலேர்ந்து அடிச்ச நாப்பது கார்டும் போச்சு. நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும்."

"அப்பப்ப சேவ் பண்ணியிருக்கணும்ல?"

"ஒரு கட்டு கார்டு முழுசா முடிஞ்சாத்தானே உங்க புரோகிராம் சேவ் பண்ண விடுது? அதுக்குத்தான் ஹலோ முன்னாடியே சொல்லுவாரு, நான் அதுக்குள்ள கட்டை முடிச்சுடுவேன். நீங்க என்ன, புதுசா வந்திருக்கீங்களா?"

"ஏழு மாசம் ஆச்சு, அக்கா."

"அப்படியா!" அவர் நிஜமாகவே வியந்தார். "ஹலோ போனப்புறம் இங்க யாரையும் போடலைன்னுல்ல நெனச்சோம். எல்லாம் தானா ஓடுதுன்னாங்களே."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

மூன்றாவது மாடிக்குப் போய் அவன் அட்டைகளை வாசித்தான், அவர் அடித்தார். பெயரில்லாத ஓடை. இடிந்த பாலம். பெயரில்லாத ஓடை, இரண்டு. மூன்று ஐம்பத்தைந்துக்குக் கட்டு முடிந்தது.

"குரல் நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் அவர். "கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு."

அடுத்த வாரம் சர்வரையே ஒருமுறை நிறுத்தி ஓடவிட வேண்டியிருந்தது. அவன் எழுந்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளும் போட்டான். பட்டியலைப் பார்த்து முதல் எண்ணை அழுத்தினான்.

"அஞ்சு நிமிஷத்துல நிறுத்தப்போறேன், சேவ் பண்ணிக்கோங்க."

"யாருங்க பேசறது?"

"கீழேருந்து."

பத்துப் பிரிவுகளிலும் இதே கேள்வி, இதே பதில். மூன்றாவது மாடியைக் கடைசியாக வைத்திருந்தான்.

"உங்களுக்குப் பத்து நிமிஷம்," என்றான். பிறகு, பட்டியலைப் பார்க்காமலே: "முழங்கால் எப்படிக்கா இருக்கு?"