டப்பாவில் துண்டு இல்லை

அக்கா பட்டறைக்குள் வந்தபோது நான் நாற்பது மடிப்பு சீருடைத் துணியை மேசையில் விரித்து ஓரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோளில், என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதெல்லாம் தூக்கிவரும் பை. இரண்டு மாற்றுத்துணி, சீப்பு, ரப்பர் செருப்பு. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வந்துவிட்டாள் மகராசி என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் அந்த டப்பாவால் வந்த வினை. என் வியாதிக்கு டாக்டர் சீட்டில் பைபோலார் என்று பெயர். எங்கள் வீட்டில் அதற்கு இரண்டே சொல்: ஏறுது, இறங்குது. அதை அளக்க அக்கா கண்டுபிடித்த கருவி, பால்கனியில் நான் சிகரெட் துண்டு போடும் பிஸ்கட் டப்பா. தினமும் காலையில் எண்ணுவாள். பத்து என்றால் நான் நானாக இருக்கிறேன். முப்பது என்றால் ஏறுது. வாசல் சாவியை ஒளித்துவைத்துவிடுவாள். ஒன்றுமே இல்லை என்றால் இறங்குது. போன தடவை டப்பா காலியாக இருந்த பதினோரு நாளும் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

ஆனால் இந்தத் தடவை நான் சிகரெட்டை விட்டுவிட்டேன். ஐந்து நாள் ஆகிறது. இதற்கு முன் மூன்று முறை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நிறுத்தி, மூன்று முறையும் மானம் போனது. அதனால் டாக்டரிடம் மட்டும் சொன்னேன். புகை நின்றால் இந்த மருந்து ரத்தத்தில் கூடிவிடும் என்று அவரே மாத்திரையைக் குறைத்தார். அக்கா அதையும் பார்த்துவிட்டாள். டப்பா காலி, மாத்திரையும் மிச்சம். போதாதா?

சிகரெட்டை நான் திட்டமாட்டேன். வார்டில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் துணை. தலை தறிகெட்டு ஓடும்போது ஏழு நிமிஷம் ஓரிடத்தில் உட்காரவைத்தது. எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாத நாட்களில் பால்கனி வரைக்குமாவது நடக்கவைத்தது. சொந்தக்காரர் ஒருத்தரும் அவ்வளவு பொறுமையாகப் பக்கத்தில் இருந்ததில்லை. ஆனாலும் விட்டேன். எனக்குத் தோன்றியது, விட்டேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். டாக்டருக்குப் போன் போடு என்றேன். போட்டாளாம், எடுக்கவில்லையாம். பிறகு அவள் செய்ததுதான் வேடிக்கை. பத்து வருஷமாக விடு விடு என்று என் உயிரை வாங்கியவள், கைப்பைக்குள்ளிருந்து புது சிகரெட் பெட்டி ஒன்றை எடுத்தாள். கடையில் எப்படி வாய்விட்டுக் கேட்டு வாங்கினாளோ.

“ஒண்ணே ஒண்ணு பத்த வை. பாத்துட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்.”

“விடச் சொன்னது நீதானேக்கா.”

“விட்டது நீயா, வியாதியான்னு எனக்கு எப்படிடி தெரியும்?”

சுருக்கென்றது. வாயும் ஊறியது. ஒரே இழுப்பு போதும், பை வீட்டுக்குத் திரும்பிவிடும். என் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதற்கு நான் புகைவிட்டுக் காட்ட வேண்டுமாம். ஆத்திரமாக வந்தது.

“நான்தான். நம்பினா நம்பு. இல்லன்னா உக்காந்து பாரு.”

வெட்டும் மெஷினை ஓடவிட்டேன். அக்கா பெட்டியைக் கையில் பிடித்தபடியே மேசைமேல் குனிந்து, கத்தி சாக்பீஸில் போட்ட கோட்டை விட்டு விலகுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பார்க்கட்டும். நாற்பது மடிப்பையும் ஒன்றாக அறுத்துக்கொண்டே போனேன்.