எழாவிட்டால் மட்டும்

ரத்தினசாமியை யாரும் தூங்க விடுவதாக இல்லை. இதயம் தளர்ந்து, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். எருத்தேன்பதியிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் உறவினர் ஒருவர் மிச்சமில்லாமல் வந்துகொண்டிருந்தனர். வந்தவர் நோயாளியைக் கண்டால் மட்டும் போதாது; நோயாளியும் வந்தவரைக் கண்டுகொள்ள வேண்டும். இல்லாவிடில் அது பார்த்ததாக ஆகாது. ஆகவே ஒவ்வொரு முறையும் மருதாத்தாள் கணவரின் தோளை அசைப்பாள்.

"ஏனுங்க, கண்ணத் தொறங்க. ஆரு வந்திருக்கறாங்கன்னு பாருங்க."

அவர் கண்ணைத் திறப்பார். வந்தவரை விட்டுவிட்டு வாசற்பக்கம் பார்த்து, "நர்மதாவா?" என்பார்.

நர்மதா அவருடைய மூத்த மகள். சின்னக்கானலில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் முனீஸ்வரனைத் தானே தேர்ந்து மணந்துகொண்டவள். அவள் பெயரை அந்த வீட்டில் உச்சரிக்கலாகாது என்று விதித்தவரும் ரத்தினசாமிதான். விதித்தவரே மீறியபின் மற்றவர்க்கு என்ன தடை? மகன் கோபிநாத் அக்காளை அழைத்துச் சொன்னான். விடுப்புக் கிடைத்ததும் புறப்படுவதாக அவள் சொன்னாள்.

கோபிநாத்துக்கு வேலை கோவையிலுள்ள ஒரு நிறுவனத்தில். அப்பாவின் பொருட்டு வீட்டிலிருந்தே செய்துவந்தான். கணினியில் தகவலைச் சேமிக்கும் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, இயக்கும் டிரைவர் மென்பொருள் அவன் பொறுப்பு. சக்குபள்ளத்தில் ஓர் ஏலக்காய்க் கிடங்கின் கணினியைப் பற்றிப் புகார் வந்திருந்தது. இயந்திரம் தன் நடப்பைத் தானே எழுதிவைக்கும் லாக் கோப்பு, மாறி மாறி வரும் இரண்டே செய்திகளால் நிரம்பி வழிந்தது. காரணத்தைக் கண்டபோது கோபிநாத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மின்சாரம் மிச்சப்படுவதற்காக, வேலையில்லாத வட்டு சுழல்வதை நிறுத்தித் தூங்கப் போகும். தூங்கிவிட்டது என்று டிரைவர் லாகில் எழுதும். லாக் இருப்பதோ அதே வட்டில். எழுதுவதற்காக வட்டு எழுப்பப்படும். எழுந்துவிட்டது என்று அதையும் எழுதும். பிறகு மறுபடியும் தூக்கம், மறுபடியும் எழுத்து.

மேலாளர் மோகனசுந்தரம் தொலைபேசியில் எரிந்து விழுந்தார். "ஏனப்பா கோபி, தூங்கறவன எழுப்பி 'தூங்கறயா'ன்னு கேக்கறாப்பல இருக்குது உன்ற டிரைவரு. இப்படியே போனா வட்டு செத்துப்போயிரும். தூங்கறதும் எந்திரிக்கறதும் ஒரு சேதியா? எந்திரிக்கலீன்னாத்தான் சேதி. அத மட்டும் எழுதச் சொல்லு."

"சரிங்ணா" என்றான் கோபிநாத். அடுத்த அறையில் அம்மா யாருக்காகவோ தோளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றே அவன் வீட்டிலும் விதி செய்தான். அப்பா உறங்கும்போது எவருக்காகவும் எழுப்பக் கூடாது. முதலில் மாட்டிக்கொண்டவள் அவன் அத்தை பூவாத்தாள்.

"ஏண்டா, எங்கண்ணனப் பாக்க உன்ற கிட்ட டிக்கெட் வாங்கோணுமா? கவுண்டர் தொறந்திருக்கறயாக்கும்!"

"டாக்டர் தூங்கச் சொல்லீருக்கறாருங்க அத்தை."

"நானென்ன அவரோட ஓடிப்புடிச்சு வெளையாடவா வந்தேன்?" என்றவள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள். "வந்துட்டுப் போனேன்னு சொல்லீரு. அப்பறம் வர்லீன்னு பேராயிரும்."

ஊர் முணுமுணுத்தது. ஆனால் தடையின்றித் தூங்கியவரின் முகத்தில் தெளிவு வந்தது. தாமாகவே கஞ்சி கேட்டார். மருதாத்தாளும் தோளை அசைப்பதை விட்டாள். விதி சரியானதே என்பதில் கோபிநாத்துக்கு ஐயமில்லை.

நர்மதா, உடுமலை வழியாக மலையிறங்கிப் பேருந்து மாறி மாறி, ஒரு பிற்பகலில் வந்து சேர்ந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"தம்பி, எழுப்பட்டுமா?"

"வேண்டாங்க்கா. இப்பத்தான் கண்ணசந்தாரு. அவரா எந்திரிச்சாத்தான் தெளிவாப் பேசுவாரு."

"நெசமாவே என்னையக் கேட்டாரா?"

"தெனமும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இருக்கேன். இத்தன வருசம் இருக்கலயா?" கட்டிலருகே நாற்காலியை ஓசையின்றி வைத்து, அவர் விழித்து வாசற்பக்கம் பார்த்தால் தன் முகம் கண்ணில் படும்படியாக உட்கார்ந்தாள்.

கோபிநாத் தன் அறைக்குப் போய் வேலையை முடித்தான். தூங்குவதையும் எழுவதையும் எழுதும் வரிகளை நீக்கினான். எழ மறுத்தால் எழுதும் வரியை மட்டும் விட்டுவைத்தான். சோதனை வட்டு தூங்கப் போயிற்று. லாகில் எதுவும் விழவில்லை. அந்த வெற்றுத் திரையை நெடுநேரம் மனநிறைவோடு பார்த்திருந்துவிட்டு, திருத்தத்தை அனுப்பிவைத்தான்.

திரும்பி வந்தபோது நர்மதா அதே இடத்தில், அப்பாவையே பார்த்தபடி இருந்தாள். அவனைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தாள்.

"நல்ல தூக்கம்டா" என்று கிசுகிசுத்தாள். "நான் வந்ததுலருந்து அசையக்கூட இல்ல."

கோபிநாத் போர்வைக்கு வெளியே நீண்டிருந்த பாதத்தைத் தொட்டான். அது குளிர்ந்திருந்தது. சிறிது நேரம் கையை எடுக்காமலே நின்றான். அக்காள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்தாள்.

மாலைக்குள் வீடு நிறைந்துவிட்டது. பூவாத்தாள் மார்பில் அடித்துக்கொண்டே வந்தாள். சக்குபள்ளத்து லாக் அமைதியாக இருப்பதாகவும், வேலை அருமை என்றும் மோகனசுந்தரம் அனுப்பிய செய்தி கோபிநாத்தின் சட்டைப்பையில் ஒருமுறை அதிர்ந்தது.

மருதாத்தாள் கணவரின் தலைமாட்டில் அமர்ந்திருந்தாள். மகளை இழுத்து அருகில் உட்கார வைத்துக்கொண்டு அவர் தோளைப் பிடித்து அசைத்தாள்.

"ஏனுங்க, கண்ணத் தொறங்க. ஆரு வந்திருக்கறான்னு பாருங்க. நர்மதாங்க. நர்மதா வந்திருக்கறாங்க."

விட்டுவிட்டு மறுபடியும் அசைத்தாள். கோபிநாத் தடுக்கவில்லை.